லால்குடி ஜெயராமன் இயற்றிய உருப்படிகளை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

விருதுப் பட்டியலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 2001இல் பத்மபூஷண், சிருங்காரம் படத்தின் இசைக்குத் தேசிய விருது, எல்லாம் சரி, ஆனால் வயலின் மேதை லால்குடி ஜெயராமன் (1930–2013) எப்படிப்பட்ட வாக்கேயக்காரர், அதாவது பாட்டையும் இசையையும் சேர்த்தே இயற்றுபவர், என்பது அதில் தெரியாது.

முதலில் மோகனகல்யாணி ராகத் தில்லானா; பெரும்பாலும் ஜதிகளால், அதாவது தாளச் சொற்களால், ஆன துள்ளலான உருப்படி. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ராகம் மேலே ஏறும்போது மோகனம் மாதிரி மத்யமமும் நிஷாதமும் இல்லாமல் போகும், இறங்கும்போது கல்யாணியின் ஏழு சுரமும் வந்துவிடும், அந்த ஏற்ற இறக்கத்தில் ஜதிகளை எங்கே வெட்டி எங்கே சேர்க்கிறார் என்று காது வைத்தால் போதும், பாதி ஆள் பிடிபட்டுவிடுவார். வேகமாக ஓட்டிவிடும் கச்சேரிப் பதிவுகளைத் தவிருங்கள். கச்சேரியை முடிக்கும் மங்களத்துக்கு முன்னால் அவசரமாகப் பாடி முடிப்பது தில்லானாவுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் சாருகேசி ராக வர்ணம், ‘இன்னும் என் மனம்’. வர்ணம் என்பது ராகத்தின் உருவத்தைக் கட்டுக்கோப்பாகக் காட்டும் உருப்படி. அதற்கு முன்னால் தஞ்சை அரண்மனை வித்வான் பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி அட தாள வர்ணம் ‘விரிபோணி’யை ஒருமுறை கேட்டுவிடுங்கள். வர்ணம் என்ற சட்டத்தை இவர் உடைக்கவில்லை, உள்ளே தமிழையும் ஏக்கத்தையும் வைத்தார் என்பது தானே விளங்கும்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்துதான். குடும்பத்து மூதாதை லால்குடி ராமய்யர் தியாகராஜரின் நேரடிச் சீடர், ஜெயராமனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா கோபாலய்யர். லால்குடிக்கு வந்த தியாகராஜர் சப்தரிஷீஸ்வரர் கோயிலில் பாடிய ஐந்து கிருதிகளும் இருக்கின்றன. அந்தக் கோயில் அம்மனைப் பாடும் ‘லலிதே ஸ்ரீ ப்ரவ்ருத்தே’யை, பைரவி ராகத்தில், கேளுங்கள். முடிந்தால் திருச்சியிலிருந்து விழுப்புரம் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறி லால்குடியில் இறங்கி, அந்த அம்மன் சன்னதியிலேயே ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஊற்று பக்கவாத்தியம். அரியக்குடி, செம்பை, ஜி.என்.பி., மதுரை மணி என்று பெரிய பாடகர்கள் ஒவ்வொருவருக்கும் வாசித்து, பாட்டு எங்கே மூச்சு விடும் என்பதை வில்லுக்குப் பழக்கிக்கொண்டவர். அதனால்தான் அவருடைய தில்லானாக்கள் வயலினிலும் நிற்கும், வாயிலும் நிற்கும். தேஷ், பெஹாக் தில்லானாக்களில் வடக்கத்தி ராகங்களின் வாசனையும் அடிக்கும்.

‘அங்கயற்கண்ணி’யைக் கடைசிக்கு வையுங்கள். ஒன்பது ரசத்துக்கு ஒன்பது ராகம் வைத்த பதவர்ணம், அதாவது நாட்டியத்துக்கான வர்ணம், அது, ஆடுகிறவரைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும், அதனால் நல்ல நாட்டிய நிகழ்ச்சி ஏதாவது கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.