திரையில் பார்த்த நிறம் பிரிண்டிலும் வர

மானிட்டரைக் கேலிபரேட் செய்தாகிவிட்டது, அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்தாகிவிட்டது. ஆனாலும் பிரிண்ட் இருட்டடித்து வருகிறதா? பெரும்பாலும் பிரிண்டர் மேல் தப்பிருக்காது. திரைதான் தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கும்.

அதை முதலில் சரிசெய்வோம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரைத் திரையில் தொங்கவிடுங்கள். அதன் மென்பொருளில் வெண்புள்ளி (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின், காமா (இடைப்பட்ட நிறங்களின் வெளிச்சம்) 2.2 என்று வையுங்கள். பிரைட்னஸை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவில் (ஒளியை அளக்கும் அலகு) தொடங்குங்கள். வெளிச்சம் குறைந்த அறை என்றால் 80 போதும்.

எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரிண்ட் எடுக்கும் அதே தாளில் ஒன்றை வெறுமையாக எடுத்து, பிரிண்டைப் பார்க்கப்போகும் விளக்கின் கீழே பிடியுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். திரை ட்யூப்லைட் மாதிரி ஒளிர்ந்தால் குறையுங்கள். அதுவும் ஒரு தாள் மாதிரித் தெரிய வேண்டும். முதல் நாள் மங்கலாக இருக்கும், கண் பழகிவிடும்.

அடுத்து ஐசிசி புரொஃபைல், அதாவது இந்தப் பிரிண்டரும் தாளும் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு. தாளைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பிரிண்டர் மாடலுக்கென்று இருப்பதை இறக்கி நிறுவுங்கள். பளபளப்புத் தாளின் புரொஃபைல் மேட் தாளுக்கு ஆகாது.

சரி, பிரிண்ட் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிப் பார்க்க, இப்போது போட்டோஷாப்பில் வியூ, புரூஃப் செட்டப், கஸ்டம் என்று போய் அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். நிறங்களைத் தாளுக்கு ஏற்ப மாற்றும் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், கருப்பின் ஆழத்தைத் தாளுக்குப் பொருத்தும் பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் இரண்டும் இருக்கட்டும். ‘சிமுலேட் பேப்பர் கலர்’ டிக் செய்ததும் படம் சட்டென்று வெளுத்துப்போகும். பயப்பட வேண்டாம். தாளில் மையின் கருப்பு அவ்வளவுதான் ஆழம். டிக் செய்யும் நொடியில் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சில விநாடி கழித்துப் பாருங்கள், அதிர்ச்சி இருக்காது. குறை தெரிந்தால் தனி லேயரில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கர்வ்ஸ் போட்டுத் திருத்துங்கள்.

பிரிண்ட் கொடுக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று வைத்து, அதே புரொஃபைலைக் காட்டிவிட்டு, பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்தே ஆக வேண்டும். அணைக்காவிட்டால் ஒரே படம் இரண்டு முறை நிறம் மாற்றப்படும். முகமெல்லாம் ஊதாச் சிவப்பாக வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

முழுத் தாளை வீணாக்காமல், முகமும் நிழலும் வரும் ஒரு கீற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். மை காய விட்டு, அப்புறம் 5000 கெல்வின் விளக்கில் ஒப்பிடுங்கள். நிறம் பொருந்தி, இருட்டு மட்டும் மிச்சமிருந்தால் படத்தைத் தொடாதீர்கள். மானிட்டரை இன்னொரு 10 கேண்டெலா இறக்கி மறுபடி கேலிபரேட் செய்துவிட்டு, அதே படத்தைத் திறந்து பாருங்கள்.