செட்டிநாட்டு வீட்டு மராமத்து: மழைக்காட்டுக்குச் செலவு வைக்காமல் மரம் வாங்க

முகப்புத் தூண் இற்றுவிட்டது, முழுசாக மாற்றணும் என்று ஆசாரி சொன்னால் உடனே முன்பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது அடியில் ஓரடிதான்; அதை மட்டும் அறுத்துவிட்டு ஒட்டுப் போடலாம். தூணைச் சுற்றிப் பூசிய சிமென்ட் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அதைக் கொத்தி எடுக்காவிட்டால் எந்த மரம் வைத்தாலும் மறுபடி இற்றுப்போகும்.

திருப்புளியால் குத்திப் பார்த்து, உறுதியான மரம் தொடங்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே கோடு போடுங்கள். உத்திரத்துக்கு இருபுறமும் ஜாக்கியும் முட்டும் கொடுத்த பிறகே அறுக்க வேண்டும். பாதிக்குப் பாதி வெட்டிச் சேர்க்கும் இணைப்பு, தூணின் குறுக்களவைப்போல இரண்டு மடங்கு நீளமாவது இருக்கட்டும். ஒட்டுத் துண்டின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பச்சை மரம் சுருங்கி இணைப்பு வாய் பிளந்துவிடும்.

துண்டு மரத்துக்குக் காரைக்குடிப் பழைய மரக்கடைகள் போதும். ஆனால் மரத்துக்காகவே நல்ல வீட்டை இடிக்கிறவர்களும் உண்டு. எந்த வீட்டு மரம், ஏன் பிரித்தார்கள் என்று கேட்டே வாங்குங்கள். கணக்கு எளிது: அகலம், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 5க்கு 3 சட்டத்தில் 7 அடி இரண்டு, 4 அடி இரண்டு என்றால் ஒரு கதவு நிலைக்கு ஏறத்தாழ 2.3 கன அடி. ஆணி, கரையான் ஓட்டை போக எவ்வளவு தேறும் என்று பார்த்து விலை பேசுங்கள்.

புது மரம்தான் வேண்டுமென்றால் தோட்டத் தேக்கு வாங்கலாம். ‘இப்போது இறங்கிய பர்மா தடி’ என்றால் நம்ப வேண்டாம். அறுக்காத தடி ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. (தேக்கு மழைக்காட்டு மரமே அல்ல, கோடையில் இலையுதிர்க்கும் காட்டு மரம்.) மழைக்காட்டிலிருந்து வருவது கதவுக்குக் கேட்கும் ஆப்பிரிக்கப் படாக் என்ற மரம் போன்றவை. அங்கே ஒரு மரம் விழும்போது கொடிகள் பக்கத்து மரங்களையும் இழுத்துச் சாய்க்கும். லாரிக்குப் போட்ட பாதை வழியே காட்டை எரித்துப் பயிர் வைப்பவர்கள் நுழைவார்கள். பெரிய சேதம் அந்தப் பாதையால்தான். ஒழுங்கான வெட்டில் கொடியை முன்கூட்டியே அறுத்து, இழுவைப் பாதையைக் குறித்து, விதை மரங்களை விட்டு, வெட்டிய இடத்துக்குப் பல பத்தாண்டுகள் ஓய்வு தருவார்கள்.

அப்படி வெட்டியதா என்பது மரத்தைத் தட்டிப் பார்த்தால் தெரியாது, காகிதம்தான் சொல்லும். மரத்தின் தாவரவியல் பெயரும் நாடும் கேளுங்கள். ஆப்பிரிக்கப் படாக் 2023 முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அதன்பின் இறக்குமதியானதற்கு அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். எஃப்எஸ்சி (காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து வெட்டிய மரம் என்பதற்கான சான்று) என்றால் கடைச் சுவரில் மாட்டிய முத்திரை செல்லாது. பில்லில் அந்த உருப்படிக்கு நேராகவே ‘எஃப்எஸ்சி 100%’ போன்ற வாசகமும், விற்பவரின் சான்று எண்ணும் வேண்டும். எண்ணை எஃப்எஸ்சி இணையதளத்தில் போட்டு, காலாவதி ஆகவில்லையே, இந்த மர வகை அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். சரக்கு இறங்கும்போது சாயம் பூசிய முனையை அரை அங்குலம் அறுக்கச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குப் பதில் ஓரத்து வெள்ளை மரத்தை அனுப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.