டூப்ளெக்சரைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்த சிக்னலை வாங்கி வேறோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றதும் பலருடைய கை முதலில் போவது, ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் வாங்கவும் உதவும் டூப்ளெக்சரின் திருகுகளுக்குத்தான். பெரும்பாலான டூப்ளெக்சர்கள் கெடுவது அங்கேதான்.

145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் இரண்டு மீட்டர் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ரிப்பீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் அதிர்வெண்ணுக்கும் வாங்கும் அதிர்வெண்ணுக்கும் நடுவே வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஆன்டெனாவில் 50 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான சிக்னல் உள்ளே வந்தாக வேண்டும். இரண்டும் மோதிக்கொள்ளாமல் 80, 90 டெசிபெல் அளவுக்குப் பிரித்து வைப்பது டூப்ளெக்சரில் இருக்கும் கேவிட்டிகள், அதாவது ஓர் அதிர்வெண்ணை விட்டு இன்னொன்றைத் தடுக்கும் உலோகக் குடுவைகள். அளந்து பார்க்காமல் அதில் ஒரு நட்டைக்கூடத் தொடாதீர்கள்.

முதலில் வாட் மீட்டரை எடுங்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (பவரை வெளியே விடாமல் வெப்பமாக்கும் சுமை) மாட்டி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பாருங்கள். 50 போய் 35 வந்தால் இழப்பு 1.5 டெசிபெல், ஆறு கேவிட்டி செட்டில் அது சகஜம். 20தான் வருகிறது என்றால் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் கனெக்டர்களையும் கேபிள்களையும் பாருங்கள்.

சரி, மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது, திறந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வெள்ளி முலாம் பூசிய தண்டு கறுத்துக் கிடக்கும். வெள்ளிச் சாமானைக் கண்டால் திருநீறு போட்டுத் தேய்த்துப் பழகிய கைகள் நம்முடையவை. இங்கே தேய்க்காதீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில், ஐந்தாறு மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது. முலாமும் சில மைக்ரான் கனம்தான். மலைமேல் ஓர் அறையில், உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கிய ஒரு தண்டைப் பார்த்தேன். வெள்ளி போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. பார்த்ததும் மனசு கனத்துப் போனது. மெல்லிய கறுப்பால் பெரிய இழப்பு வராது, விட்டுவிடுங்கள். பச்சைக் களிம்பும் வெள்ளைப் பொடியும்தான் கவலைக்குரியவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் அவற்றை மெதுவாகத் துடைத்தெடுத்து, நன்றாக உலர விட்டு மூடுங்கள்.

தண்டு நகரும் இடத்தில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் பெரிலியம் கலந்த செம்பு. அதை உரசவே கூடாது; அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஒரு பல் வளைந்து தொடர்பு விட்டுவிட்டு வந்தாலும் ரிசீவரில் கரகரப்பு கேட்கும். அதற்குத் துருநீக்கி ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. எண்ணெய்ப் படலம் தங்கி, தூசியைப் பிடித்துவைக்கும். வேண்டாம்.

கேவிட்டிகளை இணைக்கும் கேபிள்கள் வெறும் ஒயர்கள் அல்ல. அவற்றின் நீளமும் டியூனிங்கில் சேர்த்தி. கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதானால் அதே நீளத்தில், ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-400 போல இரட்டைப் பின்னல் கவசம் உள்ளதைப் போடுங்கள். அலுமினியத் தகடும் பின்னலும் சேர்ந்த கேபிள் இழப்பில் குறைவுதான். ஆனால் இரண்டு உலோகங்கள் உரசும் இடத்தில் இரைச்சல் பிறக்கும். ஒரே கேபிளில் அனுப்புவதும் வாங்குவதும் நடக்கும்போது அது ஆகாது.

டியூனிங் கம்பி உடைந்தால் கையில் கிடைத்த பித்தளைக் கம்பியைப் போடாதீர்கள். நல்ல கேவிட்டிகளில் இருப்பது இன்வார், 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. வெயிலுக்கும் குளிருக்கும் அது நீள்வது மிகக் குறைவு. பித்தளை போட்டால் காலையில் ஓர் அதிர்வெண், மதியம் வேறோர் அதிர்வெண்.

டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டு டியூன் செய்வதும் ஆபத்து. திரும்பி வரும் பவர் டிரான்ஸ்மிட்டரின் பைனல் ஸ்டேஜை, அதாவது கடைசிப் பெருக்கியைச் சுட்டுவிடும். நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவி போதும், சும்மா இருக்கும் மூன்றாவது போர்ட்டில் 50 ஓம் லோட் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் விலை குறைந்த நானோவிஎன்ஏவால் 70 டெசிபெல்லுக்குக் கீழே தெளிவாகப் பார்க்க முடியாது. தடுக்கும் அதிர்வெண்ணில் விழும் 90 டெசிபெல் பள்ளத்தின் அடி அதன் திரையில் இரைச்சலாகத்தான் தெரியும்; அதை நம்பிக் கடைசித் திருகைத் திருகாதீர்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, ரிசீவருக்கு மெல்லிய சிக்னல் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே டிரான்ஸ்மிட்டரை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். முதலில் டம்மி லோடில், அப்புறம் ஆன்டெனாவில். டம்மி லோடில் சிக்னல் அசையாமல் நின்று, ஆன்டெனாவில் மட்டும் இரைச்சலில் முழுகினால் டூப்ளெக்சரை விட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏறுங்கள்.