பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவா? சீல் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

காரை எடுத்த பிறகு போர்டிகோ தரையில், பின் சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய்ச் சொட்டு கிடந்தால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறினால் அது டிஃபரன்ஷியலில், அதாவது இழுவையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியில், இருக்கும் கியர் ஆயில். கியரின் பல்லோடு பல் உரசும் அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தகம் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன, அந்த நாற்றம்தான். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது, அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மஸ்டங், பி.எம்.டபிள்யூ மாதிரி பின் சக்கரத்துக்கு இழுவை போகிற, இரண்டு பக்கமும் தனித்தனி டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள்ள கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜீப், பொலேரோவில் இருப்பது முழு ஆக்சில், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கூடு. அதில் சைடு சீல் (டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையம்) மாற்றும் முறை வேறு.

எங்கிருந்து வருகிறது?

முக்கால்வாசி வேலை இதுதான். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் அடித்துப் பரப்பிவிடும். சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்காது. டிகிரீசர் அடித்து டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கைச் சுத்தமாகக் கழுவி, காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தூவுங்கள். நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போய்வரும் தூரம் ஓட்டினால் போதும். திரும்பி வந்து டார்ச் அடித்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தெரியும், அதன் மேல் முனைதான் கசிவு.

முன்பக்கம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன்னாலிருந்து இழுவை கொண்டுவரும் நீளத் தண்டு) சேரும் இடத்தைச் சுற்றி மேல்தளத்தில் வட்டமாகத் தெறித்திருந்தால், அந்த நுழைவாயிலை அடைக்கும் பினியன் சீல். டிரைவ் ஷாஃப்டின் உள்முனை நனைந்திருந்தால் சைடு சீல். பின் மூடியின் ஓரம் ஈரமானால் மூடியின் கேஸ்கட். ஆயில் ஊற்றவும் வடிக்கவும் உள்ள பிளக்கைச் சுற்றி மட்டும் என்றால் வாஷர், நல்ல காலம். கெட்டியான கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தால் அது டிஃபரன்ஷியலே இல்லை, ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது.

பிரீதரை மறக்காதீர்கள்

ஓடி ஓடி ஆயில் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறத்தான் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சின்ன வால்வு. அது சேறோ துருவோ பிடித்து அடைத்தால், வெயிட் அடைத்த குக்கர் மாதிரிதான், அழுத்தம் சீலைத் தாண்டி எண்ணெயைத் தள்ளும். முட்டம், குளச்சல் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இதை முதலில் பார்ப்பேன். கழற்றிச் சுத்தம் செய்து வாயால் ஊதிப் பாருங்கள். அடைப்பை எடுக்காமல் புது சீல் போட்டால் அதுவும் ஒழுகும்.

இன்னொன்று. ஜூனிலும் ஐப்பசியிலும் என்று இரண்டு பருவமழை வாங்குகிற குமரி மாவட்டம் இது. சூடான டிஃபரன்ஷியல் சாலையில் தேங்கிய வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் கசிவே இல்லாவிட்டாலும் மாற்றியாக வேண்டும்.

வேலையைத் தொடங்கலாம்

சிமெண்ட் தரை வேண்டும். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி இறங்கிவிடும். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காரைத் தூக்கி, மேனுவல் காட்டும் இடங்களில் ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல்லும் தென்னந்தடியும் ஸ்டாண்ட் ஆகாது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஹப் நட் கழற்ற வேண்டிய கார் என்றால் சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்திவிடுங்கள்.

முதலில் திறக்க வேண்டியது ஆயில் ஊற்றுகிற பிளக். வடிக்கிற பிளக்கை முதலில் திறந்து எல்லாம் வடிந்த பிறகு மேலே உள்ளது இறுகித் திறக்க மறுத்தால், வண்டி நகர முடியாமல் அங்கேயே நிற்கும். சில கார்களில் கீழே பிளக்கே கிடையாது, பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை. நகக்கண் அளவு இரும்புத் துண்டு வந்தால் வேலையை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சைடு சீல்: சில கார்களில் டிரைவ் ஷாஃப்ட் போல்ட் போட்டிருக்கும், சிலவற்றில் சர்க்கிளிப்பில் (ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் சின்ன வளையக் கிளிப்) நிற்கும். சர்க்கிளிப் ரகத்தை, ஹவுசிங்கை ஒட்டிக் கடப்பாரை முனையை வைத்து ஒரே வெட்டாக நெம்பினால் வெளியே வரும். எடுத்த ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டுங்கள், ஜாயின்ட் போய்விடும். பழைய சீல் எவ்வளவு உள்ளே இறங்கியிருந்தது என்று அளந்து குறித்த பிறகே கழற்றுங்கள். குழியில் கீறல் விழக்கூடாது.

இப்போது சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் புது சீல் மட்டும் போதாது, அந்த பாகத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். தட்டவில்லை என்றால் புது சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்நோக்கி இருக்க, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி, குறித்த அளவுக்கு இறக்குங்கள். ஷாஃப்டைத் திரும்ப நுழைக்கும்போது அதன் பல் சீல் உதட்டைக் கிழிக்காமல் நேராகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். புது சர்க்கிளிப் போட்டால் 'டக்' என்று உட்காரும்.

பின் மூடியில் சிலிக்கான் பூசும் ரகம் என்றால் (கடையில் அனபாண்ட் என்று கேட்டாலே தருவார்கள்) பழையதைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடைத்து, போல்ட் துளைகளின் உட்பக்கமாக 3 மி.மீ. தடிமனில் அறுபடாத கோடு போடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள். சிலிக்கான் இறுகுவது காற்றின் ஈரத்தால்தான், நம்மூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனாலும் டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியாமல் ஆயில் ஊற்றாதீர்கள்.

பினியன் சீல் மட்டும் வேண்டாம். அதன் நட் ஹவுசிங்கின் பேரிங் அழுத்தத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே பேரிங் ஊளையிடும். அதை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

ஆயில்

பெரும்பாலும் ஜி.எல்-5 தர 75டபிள்யூ-90. உங்கள் காருக்கு மேனுவலில் உள்ளதே சரி. கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்றால் அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது பின்னால் கடகடக்கும். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்க, மேல் துளையில் இருந்து எண்ணெய் வழியும் வரை பம்ப் பண்ணி, புது வாஷரோடு பிளக்கை மூடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை அனந்தனார் சானலிலோ வீட்டுப் பின்புறத்திலோ ஊற்ற வேண்டாம். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்கள் பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்குப் போடுவார்கள். அப்புறம் மறுபடி பவுடர் தூவி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். சீல் பக்கம் வறண்டிருந்து பினியன் பக்கம் மட்டும் நனைந்தால், அடுத்த வேலை உங்களுடையது அல்ல, மெக்கானிக்குடையது.