மலையடியில் மனை வாங்கும் முன்: மதுக்கரை முதல் வேலந்தாவளம் வரை

கோவை மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. மதுக்கரை தாண்டி வாளையாறு வரை சோளக்காடுகள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. ஊருக்குள் வாடகைக்கு இருப்பவருக்கு இந்தப் பக்கம் விலை கட்டுப்படியாகிறது, கொச்சி நெடுஞ்சாலையும் கைக்கெட்டும் தூரம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே போதும், ஃபேன் தேவைப்படாது. ஆனால் தண்ணீர் போகும் வழியிலோ யானை போகும் வழியிலோ மனை விழுந்துவிட்டால் இது எதுவும் ஈடாகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பள்ளம், அதாவது மழைநீர் ஓடும் ஓடை. சர்வே எண்ணை வைத்து அரசின் இ-சேவைத் தளத்தில் 'அ' பதிவேடும் (நிலத்தின் வகை, உரிமை விவரம்) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுங்கள். கிராம வரைபடத்தில் அக்கம்பக்கத்து எண்களையும் பாருங்கள். மலைப்பக்கமிருந்து வரும் ஓடை வரைபடத்தில் தொடர்ந்து, நேரில் மனைப்பிரிவின் எல்லையில் மறைந்துபோனால், அதை மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது போய், மலைப்பக்கமாக ஒரு கிலோமீட்டர் ஏறிப் பாருங்கள். உருண்ட கூழாங்கல், மணல் திட்டு என்றால் தண்ணீர் ஓடிய வழி. மனையில் சுற்று நிலத்தோடு ஒட்டாத நிறத்தில் கிராவல் என்றால் நிரப்பிய இடம். அந்த மண் அமுங்க அமுங்கச் சுவர் விரியும்.

கணக்கும் எளிது. ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். சோளக்காடாக இருந்தபோது வரப்பு தடுத்தது, மண் குடித்தது. கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் பெரும்பகுதி சில நிமிடங்களில் கீழே ஓடிவிடும். அடித்தளத்தை உயர்த்தினால் போதும் என்பார்கள். நீங்கள் உயர்த்தினால் பக்கத்து வீட்டில் நிற்கும், அவரும் உயர்த்துவார், கடைசியில் தெருவே பள்ளமாகும். அந்த மனையை விட்டுவிடுவதுதான் சரி.

அடுத்து யானை. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. வலசை வழி எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. யானை எந்த மாதம், எந்த இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) வழியாக வருகிறது என்று ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். அந்த வழிக்குக் குறுக்கே காம்பவுண்டு சுவர் எழுப்பாதீர்கள். வாழை, பலா வைக்காதீர்கள். அரிசி, தவிட்டு மூட்டையை வெளிச்சுவர் ஓரம் அடுக்கினால் வாசனைக்கு யானை சுவரை இடித்துவிடும். சோலார் வேலியில் விட்டுவிட்டுத் துடிக்கும் மின்சாரம்தான் பாய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்தால் யானையும் சாகும், மனிதரும் சாவார், அது குற்றமும்கூட.

பிறகு காகிதம். டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, கிராமம் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா, இரண்டையும் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனையை, முன்பே மனையாகப் பதிவாகியிருந்தாலொழிய, பதிய முடியாது.

எல்லை தாண்டி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாங்குவதானால் சட்டம் வேறு. கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டப்படி, நிலம் 'டேட்டா பேங்க்' பதிவேட்டில் வயலாக இருந்தால் நினைத்தபடி நிரப்ப முடியாது. வேறு இடமில்லாத உரிமையாளர் சொந்த வீடு கட்ட அனுமதி கேட்கலாம். அதுவும் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட்தான் உச்சவரம்பு. கிருஷி பவனில் (அங்குள்ள வேளாண் அலுவலகம்) டேட்டா பேங்கைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.