லைவ் சோனார் திரைக்கு எந்த நிறம்? புதியவர்களுக்கான செய்முறை

தண்ணீருக்குள் மீன் அசைவதை ஒலியால் கண்டு அப்போதே திரையில் காட்டும் கருவியான லைவ் சோனாரைப் படகில் பொருத்தியதும் பலருடைய கை நேராகப் போவது வண்ண மெனுவுக்குத்தான். நீலம், ஆம்பர், பச்சை, கறுப்பு வெள்ளை என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பார்கள். எதிலும் மீன் தெளிவாகத் தெரியாது. பிறகு கருவியின் மேல் சந்தேகம் வரும். நிறத்தைக் கடைசியில் தொடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. காரணம் இருக்கிறது.

நிறம் எதைக் காட்டுகிறது?

டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிறது. எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் திரை நிறமாக வரைகிறது. மீனின் இனத்தை நிறம் சொல்லாது. அளவையும் நம்பகமாகச் சொல்லாது. பெரும்பாலான மீன்களில் வலுவான எதிரொலியைத் தருவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. ஒரே மீன் பக்கவாட்டில் நிற்கும்போது பளிச்சென்று தெரியும். தலையை நம் பக்கம் திருப்பினால் மங்கிவிடும். காற்றுப்பையே இல்லாத சுறா போன்றவை உடலின் பருமனுக்கு ஏற்ற பிரகாசத்தைக் காட்டாமல் போகலாம். சிவப்பாகத் தெரிந்தால் பெரிய மீன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 1: அடித்தளம்

அமைப்புகளை எல்லாம் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோங்கள். ஆழத்தையும் தூரத்தையும் உங்களுக்குத் தேவையான எல்லைக்குள் சுருக்குங்கள். தேவையில்லாத தூரம் திரையில் இருந்தால் மீன் பொட்டாகச் சிறுத்துவிடும். அதை எந்த நிறத்தாலும் சரிசெய்ய முடியாது. பகல் என்றால் திரை வெளிச்சத்தை முழுமையாக வையுங்கள்.

படி 2: கெயின்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கெயினை, அதாவது எதிரொலியைப் பிடிக்கும் உணர்திறனை, மெல்ல ஏற்றுங்கள். நடுத்தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறையும் ஒரு கட்டம் வரும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்து வைத்தது போலத் திரை தெரிந்தால் கெயின் குறைந்துவிட்டது. மங்கலான மீன்களும் அதோடு மறைந்திருக்கும். அடித்தரை தடித்துப் பரவி, அதையொட்டி நிற்கும் மீனை விழுங்கினால் கெயின் கூடிவிட்டது.

பாசியும் நுண்ணுயிர்களும் நிறைந்த தண்ணீரில் இரைச்சல் இயல்பாகவே அதிகம். அதனால் இன்னொருவருடைய எண்களை அப்படியே நகலெடுப்பதில் பயனில்லை. அவருடைய தண்ணீர் வேறு, உங்களுடையது வேறு.

படி 3: தெரிந்த பொருளை வைத்துச் சோதனை

ஒரு ஈயக்குண்டையோ உங்கள் லூரையோ (செயற்கை இரை) ஒலிக்கதிர் பாயும் திசையில் தண்ணீருக்குள் இறக்குங்கள். அதை மெல்லத் தூக்கித் தூக்கி விடுங்கள். இனி ஒவ்வொரு வண்ணத் தொகுப்பாக மாற்றி, அதே பொருளைப் பாருங்கள். எது அழகாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். சற்று விலகி உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பார்த்தாலும் எதில் அந்த அசைவு உடனே பிடிபடுகிறது என்று கேளுங்கள். மற்றவர்கள் எடுத்த திரைப் படங்களைப் பார்த்துத் தேர்வு செய்வதும் வேண்டாம். கேமரா நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிவிடும்.

படி 4: வெளிச்சத்துக்கு ஏற்ற பின்னணி

உச்சி வெயிலில் கரும்பின்னணி கண்ணாடியாகிவிடும். உங்கள் முகமும் வானமும் அதில் தெரியும். வெளிர் பின்னணியில் அந்தப் பிரதிபலிப்பு பெரிதாக உறுத்தாது. மேகமூட்டம், விடியல், மாலை நேரங்களில் கரும்பின்னணிதான் என் தேர்வு. மங்கலான எதிரொலிகூட அதில் எடுத்துக் காட்டும். இரவில் கரும்பின்னணியில் ஆம்பர் அல்லது சிவப்புச் சாயல் வைத்து, திரை வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற வெள்ளைத் திரை அதைச் சட்டென்று கெடுத்துவிடும்.

போலரைஸ்டு கண்ணாடி அணிபவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். திரை இருண்டால் குறை நிறத்தில் இல்லை. திரையை வேறு கோணத்தில் பொருத்த வேண்டும்.

படி 5: ஒரே நிறமா, பல நிறமா?

பல நிறத் தொகுப்பில் வலுவான எதிரொலி தனித்து நிற்கும். கெட்டியான பாறைத் தரையையும் மென்மையான சேற்றையும் பிரித்தறிய அது நல்லது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரொலி சிறிதளவு கூடிக் குறைந்தாலே மஞ்சள் சிவப்பாகும், சிவப்பு மஞ்சளாகும். மீன் உடலைத் திருப்பும்போதெல்லாம் நிறம் துள்ளும். அந்த நிற எல்லையை உடலின் ஓரம் என்று கண் தவறாக எடுத்துக்கொள்ளும். ஒரே நிறத்தின் அடர்த்தி மட்டும் மாறும் தொகுப்பில் இந்தத் தொல்லை இல்லை. உருவமும் வால் அசைவும் சீராகத் தெரியும். லைவ் சோனாரின் முழுப் பலனும் அசைவைப் படிப்பதில் இருப்பதால், புதியவர்கள் ஒரே நிறத்தில் தொடங்குவதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

படி 6: கலர் கெயின்

சில கருவிகளில் இது வேறு பெயரில் இருக்கும். சாதாரண கெயின், கருவி எவ்வளவு மெல்லிய எதிரொலி வரை பிடிக்கும் என்பதை மாற்றுகிறது. இது, பிடித்ததை எவ்வளவு அழுத்தமாக வண்ணம் தீட்டுவது என்பதை மட்டும் மாற்றுகிறது. ஈயக்குண்டு அழுத்தமாகவும், சுற்றியுள்ள தண்ணீர் வெறுமையாகவும் தெரியும் வரை இதன் அளவை ஓரிரு எண்கள் மாற்றினால் போதும்.

அமைத்ததைச் சேமித்துவிட்டு, சில நாள் அதே நிறத்தோடு மீன்பிடியுங்கள். கண் பழக நேரம் வேண்டும். இடையில் மீன் திரையிலிருந்து காணாமல் போனால் டிரான்ஸ்டியூசர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள், அடுத்து தூர எல்லை, அதற்கடுத்து கெயின். இந்த மூன்றும் சரியாக இருந்த பிறகே வண்ண மெனுவைத் திறங்கள்.