மலையில் இருந்துகொண்டு கப்பலைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய வியர் ஹென்றி லெவிஞ்ச், அதில் விடுவதற்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தார் என்று இங்கே சொல்வதுண்டு. கடலோடு இந்த ஊருக்கு உள்ள உறவு என்று சொல்லிக்கொள்ள அதைத் தவிர அதிகம் இல்லை. ஆனாலும் கப்பல்களைப் பற்றி வாசிப்பதிலும், மூழ்கிய கலங்களின் கதைகளைத் தேடிப் பிடிப்பதிலும் ஈடுபாடு கொண்டவர்களுக்கு இந்த மலையில் பஞ்சமில்லை. நான்கைந்து நாள் தொடர்ந்து மூடுபனி விலகாத ஊரில் வாசிப்பதற்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. ஏழு ரோட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் மாலை வேளைகளில் கூடிப் பேசும் அப்படிப்பட்ட சிலரில் நானும் ஒருவன். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த தவறுகளை எண்ணிப் பார்க்கும்போது, தெரியாத சொற்கள் எங்களை அவ்வளவாக ஏமாற்றவில்லை என்றே தோன்றுகிறது. தெரியாத சொல்லை அகராதியில் தேடிவிடுகிறோம். தரையில் நன்றாகப் பழகிய சொல் கடலில் வேறு பொருளோடு நிற்கும்போதுதான் கவனிக்காமல் கடந்துபோகிறோம்.

என் தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் டைட்டானிக் பற்றிப் பேசப் போனபோது, அதன் எடை 46,328 டன் என்று கரும்பலகையில் எழுதினேன். மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர், சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு என்னைத் தனியே அழைத்து, “தம்பி, அம்புட்டுப் பெரிய கப்பல எந்தத் தராசுல வச்சு நிறுத்திய?” என்று கேட்டார். “புத்தகத்துல அப்படித்தான் இருந்துச்சு அண்ணாச்சி” என்றேன். புத்தகத்தில் எண் சரியாகத்தான் இருந்தது. ‘எடை’ என்ற சொல்லை நான்தான் சேர்த்திருந்தேன்.

பதிவு டன் என்பது கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. கப்பலின் மூடப்பட்ட உள்வெளியில் 100 கன அடிக்கு ஒரு டன் என்று கணக்கிட்டு வந்த எண்தான் 46,328. திராட்சை மது ஏற்றிச் சென்ற பெரிய பீப்பாய்க்கு ஆங்கிலத்தில் ‘டன்’ என்று பெயர். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் கொள்ளும் என்று எண்ணிய பழைய வழக்கத்திலிருந்து அந்த அளவு வந்தது. கப்பலின் உண்மையான எடையை அறிய வேண்டுமானால், அது எவ்வளவு நீரை விலக்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் டைட்டானிக் முழுச் சுமையுடன் 52,310 டன். இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல்களின் கொள்ளளவை அளப்பது பற்றிய 1969-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை 1982-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மொத்தக் கொள்ளளவு வேறொரு வாய்பாட்டின்படி, அலகே இல்லாத வெறும் எண்ணாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே அக்காலக் கப்பலையும் இன்றைய சொகுசுக் கப்பலையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, இது அதைப்போல இத்தனை மடங்கு ‘கனம்’ என்று எழுதுவது இரட்டைப் பிழை.

இந்த டன் கணக்கு வெறும் சொற்சண்டை இல்லை என்பது டைட்டானிக்கின் உயிர்காப்புப் படகுகளைப் பற்றிப் பேசும்போது தெரிந்துவிடும். செலவைக் குறைப்பதற்காகச் சட்டத்தை மீறிப் படகுகளைக் குறைத்துவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அக்காலப் பிரிட்டிஷ் விதி, படகுகளின் எண்ணிக்கையைப் பயணிகளின் எண்ணிக்கையோடு சேர்க்காமல் கப்பலின் டன் அளவோடு சேர்த்திருந்தது. அதிலும் பட்டியல் 10,000 டன்னோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய கப்பலானாலும் 16 படகுகள் போதும். டைட்டானிக்கில் இருந்தவை 20. அவற்றில் 1,178 பேருக்கு இடம் இருந்தது. கப்பலில் இருந்தவர்களோ 2,200 பேருக்கு மேல். சட்டம் கேட்டதைவிட அதிகமாகப் படகு வைத்திருந்த கப்பலில் ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அந்தப் படகுகளும் நிரம்பிச் செல்லவில்லை. 65 பேருக்கான முதல் படகு பாதிகூட நிரம்பாமல் இறக்கப்பட்டது. காரணம் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டால் கதை சொல்ல எளிது. விபத்துகளை அப்படி வாசிப்பதுதான் எங்கள் கூட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

‘பாரம் தாங்காமல் கவிழ்ந்தது’ என்பதும் அப்படிப்பட்ட ஒற்றை வரி விளக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இதற்குப் பாடம் கிடைக்கும். படகில் ஆறு பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அவர்களில் இருவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தால் போதும், படகின் விளிம்பு நீரைத் தொடப் பார்க்கும். துடுப்பு போடுகிறவர் “உக்காருங்க சார், உக்காருங்க” என்று கத்துவார். ஏறியிருக்கும் பாரம் முன்பு இருந்த அதே பாரம்தான். அது உயரத்துக்குப் போனதே கோளாறு. ஸ்வீடனின் வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் தூரமே போன நிலையில் ஒரு காற்று வீச்சில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. மேல்தட்டுகளிலும் பீரங்கிகளிலும் கனம் கூடிப்போனதால், அடியில் இருந்த நிறைகல் கப்பலை நிமிர்த்தப் போதவில்லை. மேலும் கல்லை ஏற்றினால் பீரங்கி வாயில்கள் நீர்மட்டத்துக்கு இன்னும் நெருக்கமாகிவிடும். புறப்படும் முன்பே 30 பேரை மேல்தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்து, மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சிச் சோதனையை நிறுத்தியிருக்கிறார்கள். எச்சரிக்கை கண் முன்னே நடந்தும் கப்பல் புறப்பட்டது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மணிக்கு 22 நாட்’ என்று எழுதாதீர்கள். நாட் என்பதிலேயே மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் ஆதலால் 22 நாட் என்பது மணிக்குச் சுமார் 41 கிலோமீட்டர். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக் கடலில் ஓடவிட்டு, 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு (ஆங்கிலத்தில் ‘நாட்’) கையைக் கடக்கிறது என்று எண்ணிய வழக்கத்தால் வந்த பெயர் அது.

காற்றின் திசையில் தமிழ் வாசகர் தடுமாறக் காரணமே இல்லை. தென்றல் தெற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து வருவது. (எங்கள் ஊர்ப் பெயரில் அந்தக் கடைசிச் சொல் ஒலிப்பதற்குக் காரணம் காற்றா என்பது வேறு விவாதம்.) கடலோடிகளும் காற்றை அது வரும் திசையால்தான் அழைக்கிறார்கள், நீரோட்டத்தை மட்டும் அது போகும் திசையால் அழைப்பார்கள். ‘மேற்குக் காற்றும் மேற்கு நீரோட்டமும்’ என்று ஒரு குறிப்பில் வந்தால் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன என்று பொருள். இதைக் கவனிக்காமல் ஒரு கப்பலை நாங்கள் வரைபடத்தில் ஒரு மாலை முழுவதும் தவறான பக்கத்துக்கு மிதக்கவிட்டிருக்கிறோம்.

நம் பெருமைகளிலும் இதே கவனம் வேண்டும். ‘கட்டமரான்’ என்ற சொல் கட்டுமரத்திலிருந்து போனது என்பது உண்மை. அதை வைத்து, இன்றைய இரட்டை உடற்கலமும் நம் கண்டுபிடிப்பே என்று சொல்வது தவறு. நம் கட்டுமரம் மரங்களை இணைத்துக் கட்டியது, இரண்டு உடலை இணைக்கும் மரபு பசிபிக் தீவுக்காரர்களுடையது. அதேபோல வ.உ.சி. சுக்கான் பிடித்துக் கப்பல் செலுத்துவதாக மாணவர்கள் படம் வரைகிறார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ கப்பல்களை ஓடச் செய்த வழக்கறிஞர் அவர். ‘பஸ் ஓட்டுகிறார்’ என்று முதலாளியைச் சொல்வதுபோலத்தான் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்பதில் வரும் அந்த ‘ஓட்டிய’.

கடைசியாகத் தேதிகள். ஆளில்லாமல் மிதந்த மேரி செலஸ்ட் என்ற கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது 1872 டிசம்பர் 4 என்று ஒரு நூலிலும், 5 என்று இன்னொன்றிலும் இருப்பதைப் பார்த்து, ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்று எங்களில் ஒருவர் முடிவுகட்டினார். அக்காலக் கப்பல் பதிவேட்டில் நண்பகலில் நாள் மாறும். தரைக் கணக்கில் 4-ஆம் தேதி பிற்பகல் என்பது கடல் கணக்கில் 5-ஆம் தேதி. கப்பலில் தேநீர் சூடு ஆறாமல் இருந்தது என்பது போன்ற மர்மங்கள் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை. கப்பலின் ஒரே படகு காணாமல்போயிருந்தது. எல்லாப் படகுகளும் அப்படியே இருந்தன என்பது 1884-இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய சிறுகதையில் வருவது. கப்பலை ‘மாரி செலஸ்ட்’ என்று மாற்றியதும் அந்தக் கதைதான். ஒரு கட்டுரையில் அந்தப் பெயர் இருந்தால், எழுதியவர் எதைப் படித்தார் என்று ஊகித்துவிடலாம். எங்கள் குறிப்பேட்டில் அந்தக் கப்பலுக்கு நேராக இப்போது இரண்டு தேதிகளும், எது தரைக் கணக்கு, எது கடல் கணக்கு என்ற குறிப்போடு இருக்கின்றன.